நஞ்சுக்கொடியை நின்று பார்த்த நாள்

எங்கள் கொங்குப் பக்கத்தில் மாடு கன்று போட்டதும் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி, சாக்கில் கட்டி, ஊருக்கு வெளியே ஆலமரக் கிளையில் தொங்கவிடுவார்கள். பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் குறையாது என்று நம்பிக்கை. சின்ன வயதில் பஸ் ஜன்னல் வழியாக அந்த மூட்டைகளை எண்ணிக்கொண்டே போவேன். மாட்டின் இளங்கொடிக்குக் கிடைக்கிற இந்த மரியாதை மனுஷியின் நஞ்சுக்கொடிக்குக் கிடைப்பதில்லை. குழந்தை பிறந்த சில நிமிடங்களில் அது வெளியே வரும். முழுசாக வந்துவிட்டதா என்று திருப்பிப் பார்ப்போம். மஞ்சள் கவரில் போட்டுக் கட்டுவோம். ஒன்பது மாதம் உழைத்த உறுப்புக்கு அவ்வளவுதான் பிரிவுபசாரம்.

ஒரே ஒரு நஞ்சுக்கொடியை மட்டும் நான் நின்று பார்த்தேன். அதைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறேன். பல வாசகிகள் மெயிலில் கேட்டிருக்கும் கேள்விக்கும் பதில் அதில்தான் இருக்கிறது. "எனக்கு எடை அதிகம். கர்ப்பமாகியிருக்கிறேன். குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?" என்பதுதான் அந்தக் கேள்வி.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பெண் ஒன்பதாவது வாரத்தில் வந்தாள். கல்யாணமாகி நான்கு வருஷம் கழித்துத் தங்கிய கர்ப்பம். வயது 27. உயரம் 155 சென்டிமீட்டர், எடை 78 கிலோ. கணவர், மாமியார், நாத்தனார் என்று குடும்பமே என் அறைக்குள் நின்றது. அன்றைக்கு எனக்கு ஓ.பி. நிரம்பி வழிந்தது. எடை மெஷினைப் பார்த்துவிட்டு அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்: "என்னம்மா இது, இவ்வளவு வெயிட்டை வச்சுக்கிட்டுப் பிள்ளை பெத்துக்க வந்திருக்கே? முதல்ல வாயைக் கட்டு."

நாத்தனார் சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஃபைலை எடுத்துக்கொண்டு போனவள், திரும்பி வரவே இல்லை.

நான் அவளை மறந்தும் விட்டேன். இப்போது எழுதும்போதும் அந்த இடம்தான் உறுத்துகிறது.

எடையில் இருக்கிற ஆபத்து எனக்குத் தெரியாமல் நான் பேசவில்லை. தெரிந்ததை அவளுக்கு உதவுகிற மாதிரி சொல்லவில்லை. அன்றைக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கி நான் விளக்கியிருக்க வேண்டியதை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

ஒரு தட்டு, நூறு வேலை

நஞ்சுக்கொடி என்ற பேரில் நஞ்சு இருந்தாலும் வேலை அமுதம் ஊட்டுவது. பிரசவ நேரத்தில் சாப்பாட்டுத் தட்டை விடக் கொஞ்சம் சின்னதாக, சுமார் அரைக் கிலோ எடையில் இருக்கும். உள்ளே மரக்கிளைகளைப் போலப் பிரிந்து பிரிந்து போகிற மெல்லிய விழுதுகள். அவற்றின் மேற்பரப்பு முழுவதையும் விரித்தால் பத்துக்குப் பத்து அறையின் தரை அளவுக்கு வரும். அம்மாவின் ரத்தம் இந்த விழுதுகளைச் சுற்றி ஓடும், குழந்தையின் ரத்தம் விழுதுகளுக்கு உள்ளே ஓடும். இரண்டும் கலப்பதில்லை. ஆக்சிஜனும் சத்தும் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும். கழிவுகள் திரும்பி வரும். குழந்தைக்கு நுரையீரல், குடல், சிறுநீரகம் எல்லாமே அதுவரைக்கும் இந்தத் தட்டுதான். போதாததற்கு ஹார்மோன்களையும் சுரக்கிறது.

இது வேலை செய்ய நிறைய ரத்தம் வேண்டும். நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல். ஆனால் கர்ப்பப்பையின் சுவரில் இருக்கும் ரத்தக்குழாய்கள் சாதாரணமாக முறுக்கு மாதிரி சுருண்டு, குறுகலாக இருப்பவை. அதனால் கர்ப்பத்தின் முதல் நாலு, ஐந்து மாதங்களில் ஒரு வேலை நடக்கிறது. நஞ்சுக்கொடியின் செல்கள் அந்தக் குழாய்களுக்குள் புகுந்து, சுவரிலிருக்கும் தசையைக் கரைத்து, வாயை அகலமாக்குகின்றன. சொட்டுநீர்க் குழாயை வாய்க்காலாக வெட்டுவது மாதிரி. ஏறக்குறைய 20-வது வாரத்தோடு அந்த வேலை முடிந்துவிடும். வாய்க்கால் சரியாக வெட்டப்படாமல் போனால், பின்னால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பயனில்லை. எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான். எட்டாம் மாதம் தலைதூக்கும் பிரச்னைக்கு விதை மூன்றாம் மாதத்திலேயே விழுந்திருக்கும்.

எடை இதில் எங்கே வருகிறது? உடம்பில் சேரும் கொழுப்பை, ரேஷன் அரிசி மூட்டை மாதிரி சும்மா அடுக்கி வைத்த சரக்கு என்று நாம் நினைக்கிறோம். அது சும்மா இருப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் ரசாயனங்களை ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கிறது. காய்ச்சலோ வலியோ தெரியாது. விறகடுப்பை அணைத்த பிறகும் சாம்பலுக்கு அடியில் தணல் கனன்றுகொண்டிருக்குமே, அப்படி. அந்தச் சூட்டில் வாய்க்கால் வெட்டும் வேலை பாதியில் நின்றுபோகலாம். அழற்சிக்கு ஓடி வரும் வெள்ளணுக்கள் நஞ்சுக்கொடிக்குள்ளேயும் கூடுதலாகக் குவிந்திருப்பதைப் பருமனான பெண்களின் நஞ்சுக்கொடிகளை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

இதன் விளைவு இரண்டு திசையில் போகலாம். கேட்பதற்கு ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும்.

முதல் திசை, பஞ்சம். ரத்த ஓட்டம் போதாமல் நஞ்சுக்கொடி சிறுத்துப்போகும், குழந்தை மெலியும். தவிக்கும் நஞ்சுக்கொடி தன் பங்குக்குச் சில பொருட்களை அம்மாவின் ரத்தத்தில் விடும். அவை அம்மாவின் ரத்தக்குழாய்களையெல்லாம் கெடுத்து பிரஷரை ஏற்றும். இதைத்தான் ப்ரீ-எக்ளாம்ப்சியா என்கிறோம். முற்றினால் வலிப்பு வரை போகும்.

இரண்டாவது திசை, வெள்ளம். அம்மாவின் ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் மிகுதியாக இருந்தால் நஞ்சுக்கொடி அவற்றைத் தாராளமாகக் கடத்தும். தானும் பெருக்கும். பருமனான பெண்களுக்கு நஞ்சுக்கொடி கனமாக இருப்பது சகஜம். கனமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட முடியாது, கனத்துக்குத் தக்க வேலை அதில் இருப்பதில்லை. சர்க்கரை குழந்தைக்குப் போகும், ஆனால் அம்மாவின் இன்சுலின் போகாது. அதனால் குழந்தையின் கணையம் தானே கூடுதலாக இன்சுலின் சுரக்கும். இன்சுலின் வளர்ச்சியைத் தூண்டும். குழந்தை நாலு கிலோ தாண்டும். தோள் சிக்கும், ஆபரேஷன் ஆகும். பிறந்த சில மணி நேரத்தில் தொப்புள்கொடி வழிச் சர்க்கரை நின்றுபோக, இன்சுலின் மட்டும் மிஞ்சியிருக்க, குழந்தைக்குச் சர்க்கரை அளவு திடீரென்று இறங்கும். "கொழுக் மொழுக்னு ராஜாவாட்டம் பொறந்திருக்கான், எதுக்குங்க ஐ.சி.யூ.?" என்று பாட்டிகள் கோபிப்பது இந்தக் குழந்தைகளுக்காகத்தான்.

நம் ஊர்க் குழந்தைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. புனேயைச் சேர்ந்த டாக்டர் சி.எஸ்.யாஜ்னிக் குழுவினர் அங்குள்ள கிராமத்துக் குழந்தைகளையும் இங்கிலாந்துக் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். நம் குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, அவர்கள் 3.5 கிலோ. தசை, உறுப்பு எல்லாம் நம் குழந்தைகளுக்குக் குறைவு. கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம்மில் பலர் வளர்ந்த பிறகும் அப்படித்தான். அதனால்தான் நம் உடல்வாகுக்கு பி.எம்.ஐ. 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் பருமன் என்று இந்திய மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறோம். 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு 60 கிலோதான் அந்தக் கோடு. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அந்த 25-ஐத் தொட்டோ தாண்டியோ இருந்தார்கள். ஆக, இது யாரோ ஒருத்தியைப் பார்த்து நாத்தனார் சிரிக்க வேண்டிய விஷயம் இல்லை.

பயந்துவிடாதீர்கள். எடை கூடுதலாக இருக்கும் பெண்களில் பெரும்பாலோருக்கு நல்லபடியாகத்தான் பிரசவம் ஆகிறது. சாத்தியம் கூடுகிறது என்பதால் நாங்கள் கூடுதலாகக் கண்காணிக்கிறோம், அவ்வளவுதான். ஆனால் கண்காணிக்க நீங்கள் வர வேண்டுமே!

அவள் வரவில்லை.

33-வது வாரம்

ஐந்தாம் மாத ஸ்கேனை வேறு எங்கோ எடுத்திருக்கிறாள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த ஊரின் கிராம சுகாதார செவிலியர், புதிதாக ஒரு கர்ப்பிணி வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு வீடு தேடிப் போயிருக்கிறார். பிரஷர் பார்த்தால் 170/110. "ரெண்டு நாளாத் தலைவலிங்க சிஸ்டர், கண்ணுல பூச்சி பறக்குது" என்றாளாம். அரை மணி நேரத்தில் 108-ல் ஏற்றிவிட்டார் அந்தப் புண்ணியவதி. என்னிடம்தான் வந்து சேர்ந்தாள்.

மெக்னீசியம் ஊசி, பிரஷருக்கு மருந்து, குழந்தையின் நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி என்று ஒன்றரை நாள் இழுத்துப் பிடித்தோம். அதற்கு மேல் முடியவில்லை. ஆபரேஷன் செய்து எடுத்த பெண் குழந்தை ஒன்றரைக் கிலோ. குழந்தையைத் தூக்கிக்கொண்டு குழந்தைகள் டாக்டர் ஓடிய பிறகுதான் என் கைக்கு அந்த நஞ்சுக்கொடி வந்தது. சின்னது. சிவந்து, ஈரமாக, மெத்தென்று இருக்க வேண்டிய இடத்தில் வெளிறி இறுகிய திட்டுகள். ரத்தம் வராமல் காய்ந்துபோன வயல்.

மூன்றாம் நாள் அவள் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன்மா வரவில்லை என்று கேட்டேன். "நீங்க திட்டுவீங்கன்னு பயமா இருந்துச்சுங்க மேடம். எடை ஏறாம வந்து காட்டலாம்னு ராத்திரிச் சோத்தை நிறுத்திப்போட்டேன். அப்படியும் ஏறிடுச்சு. அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வர்றதுன்னு..."

கர்ப்பிணி பட்டினி கிடந்திருக்கிறாள், நான் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக. அவள் ஒழுங்காக வந்திருந்தாலும் ப்ரீ-எக்ளாம்ப்சியா வந்திருக்கலாம். ஆனால் 16-வது வாரத்துக்குள் குறைந்த அளவு ஆஸ்பிரின் ஆரம்பித்திருந்தால் அது வரும் வாய்ப்பைக் குறைத்திருக்கலாம். வந்திருந்தாலும் முன்பே பிடித்திருப்போம். (ஆஸ்பிரின் என்று எழுதிவிட்டேன் என்பதற்காக மெடிக்கல் ஷாப்பில் நீங்களே வாங்கிப் போடாதீர்கள். யாருக்கு, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.)

என்ன கேட்க வேண்டும், எவ்வளவு சாப்பிட வேண்டும்?

கர்ப்ப காலம் எடை குறைக்கும் காலம் அல்ல. எவ்வளவு ஏறலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2009-ல் வகுத்த கணக்கை நாங்களும் வழிகாட்டியாக வைத்துக்கொள்கிறோம். சரியான எடையில் இருப்பவர்கள் பத்து மாதத்தில் 11.5 முதல் 16 கிலோ வரை ஏறலாம். பி.எம்.ஐ. 25-க்கு மேல் என்றால் 7 முதல் 11.5 கிலோ. 30-க்கு மேல் என்றால் 5 முதல் 9 கிலோ. கடைசி வகையில் இருப்பவர்கள் ஆறு கிலோதான் ஏறியிருக்கிறோமே என்று கவலைப்பட வேண்டாம், அதுவே போதும்.

"ரெண்டு உசுருக்குச் சாப்பிடோணும் கண்ணு" என்ற அன்புத் தொல்லைக்கு என்ன பதில் சொல்வது? முதல் மூன்று மாதம் கூடுதல் சாப்பாடே தேவையில்லை. அதற்குப் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்வது நாளுக்கு 350 கலோரி. ஏறக்குறைய இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், ஒரு டம்ளர் பால். ஏற்கெனவே பருமனாக இருப்பவர்களுக்கு அதையும் குறைத்துக்கொள்ளச் சொல்வோம். வளைகாப்பில் ஏழு வகை சாதத்தையும் ஆளுக்கொரு கை ஊட்டிவிட்டால் 350 எல்லாம் அரை மணி நேரத்தில் தாண்டிவிடும். ஒரு நாள் கூத்து, விடுங்கள். தினசரி என்ன நடக்கிறது என்பதுதான் கணக்கு. சோற்றைக் குறைத்து, பருப்பு, முட்டை, மீன், சுண்டல், கீரையைக் கூட்டச் சொல்கிறேன். ஜூஸ் வேண்டாம், பழமாகச் சாப்பிடுங்கள். டாக்டர் வேண்டாம் என்று தடுத்திராத பட்சத்தில் தினமும் அரை மணி நேரம் நடங்கள்.

இன்னொன்று. "நல்லா சதைபிடிப்பா இருக்கா, இவளுக்கு எங்கே ரத்தசோகை வரப்போகுது?" என்பார்கள். உடம்பில் அழற்சி இருந்தால் குடல் இரும்புச்சத்தைச் சரியாக உறிஞ்சாது. குண்டாக இருந்துகொண்டே ரத்தம் குறைவாக இருக்கும் பெண்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

சர்க்கரைப் பரிசோதனையை முதல் விசிட்டிலேயே கேட்டு வாங்குங்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிறு என்ற கட்டாயம் இல்லாததால் பஸ் ஏறி வரும் பெண்களுக்கு இது வசதி. 140-ஐத் தொட்டால் கர்ப்ப கால நீரிழிவு. முதலில் இல்லையென்று வந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு முறை பார்க்க வேண்டும், ஏனென்றால் நஞ்சுக்கொடி வளர வளர அதன் ஹார்மோன்களே இன்சுலினை மந்தமாக்கும். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்த ஒரே எளிய பரிசோதனை போதும் என்று பல ஆண்டுகள் வாதாடியவர் சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி.சேஷையா. அவருடைய பிறந்த நாளான மார்ச் 10, கர்ப்ப கால நீரிழிவு விழிப்புணர்வு நாள்.

ஸ்கேனில் வயிற்றுக் கொழுப்பு படத்தை மங்கலாக்கும். "திரும்ப வாங்க, சரியாத் தெரியலை" என்று ரேடியாலஜிஸ்ட் சொன்னால் அலுத்துக்கொள்ளாமல் போங்கள். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிரசவம் முடிந்த பிறகும் ஆறு வாரம் வரை பிரஷர் ஏறலாம் என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள்.

சரி, எடையை எப்போதுதான் குறைப்பது? கர்ப்பத்துக்கு முன்னால். அல்லது இரண்டு கர்ப்பத்துக்கு நடுவில். ஸ்வீடனில் ஒன்றரை லட்சம் பெண்களின் முதல், இரண்டாம் பிரசவங்களை ஒப்பிட்டு 2006-ல் ஒரு ஆய்வு வந்தது. நடுவில் பி.எம்.ஐ. மூன்று புள்ளி ஏறிய பெண்களுக்கு இரண்டாவது கர்ப்பத்தில் ப்ரீ-எக்ளாம்ப்சியா, நீரிழிவு, ஏன், குழந்தை இறந்து பிறப்பது வரை கூடியிருந்தது. இத்தனைக்கும் அவர்களில் பலர் பருமன் என்ற கோட்டையே தொடாதவர்கள். நம் 155 சென்டிமீட்டர் கணக்கில் மூன்று புள்ளி என்பது ஏழு கிலோ. லேகியமும் நெய்யும் ஓய்வுமாக மூன்று மாதத்தில் ஏறி, இறங்காமல் தங்கிவிடுகிற அதே ஏழு கிலோ.

என் அறையில் இப்போது எடை மெஷின் திரைக்குப் பின்னால் இருக்கிறது. எண்ணை நர்ஸ் சத்தமாகச் சொல்ல மாட்டார், எழுதித் தருவார். எடையைப் பற்றிப் பேசும்போது கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்கிறேன். சில மாமியார்களுக்கு என் மேல் வருத்தம்.

அவள் மகள் இருபத்து நாலு நாள் இன்குபேட்டரில் இருந்து வீட்டுக்குப் போனாள். மூன்று வருஷம் கழித்து அம்மாக்காரி மறுபடி வந்தாள். கர்ப்பமாகி அல்ல. "அடுத்ததுக்கு யோசிக்கிறோம் மேடம். முன்னாடியே வரச் சொன்னீங்கல்ல." அப்போது 83 கிலோ. ஒரு வருஷத்தில் 72-க்கு இறங்கினாள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டை ஏழரை மணிக்குள் முடித்தாள், டீயில் சர்க்கரையை விட்டாள், பெண்ணைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போய்க் கூட்டி வந்தாள். கர்ப்பம் உறுதியானதும் பன்னிரண்டாவது வாரத்தில் ஆஸ்பிரின் தொடங்கினோம். வீட்டிலேயே பிரஷர் பார்த்து நோட்டில் எழுதி வந்தாள். 38-வது வாரத்தில் ஆபரேஷன், ஆண் குழந்தை, 2.9 கிலோ.

டேபிளில் படுத்துக்கொண்டே, "அதைக் காட்டுங்க மேடம்" என்றாள். எதை என்று புரிய எனக்கு ஒரு நொடி ஆனது. தூக்கிக் காட்டினேன். நன்றாகச் சிவந்த, முழு வட்டமான நஞ்சுக்கொடி. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெளியே வந்தால் மாமியார் எவர்சில்வர் டப்பாவோடு நிற்கிறார். பிரசவ லேகியம், நெய் மிதக்க. "டாக்டரம்மா, தினமும் ஒரு ஸ்பூன் மட்டுமாவது குடுக்கலாமுங்களா?"

ஸ்பூனைக் காட்டச் சொன்னேன். குழம்புக் கரண்டி வைத்திருந்தார்.